இரண்டு பேராக இருந்த அக்கா

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் அக்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். விரல் இடுக்கில் நெல் சுணை ஒட்டியிருக்கும். அது எழுத்துகளுக்கு நடுவே விழுந்துவிடுமோ என்று பயம். துடைத்துவிட்டு, திரை கேட்கிற இடத்தில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அதே சின்னப் பெட்டி, எழுதிய இடமெல்லாம் வெறுமையாகி, மறுபடியும் வந்து நிற்கும். என்ன தவறு என்றுகூடச் சொல்லாது. "என்னைய உள்ள விட மாட்டேங்குதும்மா" என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்த முதல் நாள், ஏதோ எழுத்துப் பிழை என்றுதான் நானும் நினைத்தேன்.

வெளிநாட்டு நிறுவனங்கள் விதை வியாபாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி மையம். என்னோடு படித்தவர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டை விட்டு நகர முடியாத எனக்கு, விதைநெல் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் தஞ்சாவூர்க் கிளையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மன்னார்குடிக்கு வெளியே இருந்த எங்கள் கொள்முதல் கிடங்குக்கு அக்காதான் பொறுப்பு. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் அவரைப் படிக்க வைத்தவர்கள். விவசாயத்தில் பட்டயம் வாங்கி, தற்காலிகப் பணியில் சேர்ந்து, வருடக்கணக்கில் காத்திருந்து நிரந்தரமானவர். நிரந்தரமான அன்று அப்பாவை பஸ் ஏற்றி அழைத்து வந்து, கிடங்கில் தன் நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம். அப்பா டீ குடித்து முடிக்கும்வரை நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

கொள்முதல் ரசீது போடுவதற்கு எங்களிடம் ஓர் இணையப் பக்கம் இருந்தது. யார் யார் அதற்குள் வரலாம் என்பதை எங்கள் கிளையின் சர்வரிலேயே நான் எழுதி வைத்திருந்தேன். அந்த வருடக் குறுவை அறுவடைக்குச் சற்று முன்னால் தலைமை அலுவலகம் அதை மாற்றியது. இனி எந்தக் கிளையின் சர்வரும் தானாக யாரையும் உள்ளே விடக்கூடாது. சென்னையில் இருக்கும் டைரக்டரியைக் கேட்டுத்தான் விட வேண்டும். நிறுவனத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேரின் பெயர், பதவி, கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கணினிதான் டைரக்டரி. நல்ல ஏற்பாடுதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆளுக்கு ஒரே கடவுச்சொல், அதற்கு எல்லாக் கதவும் திறக்கும். திறக்கவும் செய்தது, அக்காவைத் தவிர எல்லோருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையாக இருக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லி டைரக்டரியிடம் கேட்டால், அது இரண்டு பேரைக் காட்டியது. ஒருவர் தற்காலிகப் பணியாளர், இன்னொருவர் நிரந்தரப் பணியாளர். வேலை நிரந்தரமானபோது புதிதாகச் சேர்த்தவர்கள் பழையதை எடுக்க மறந்திருக்கிறார்கள். ஒரே பெயருக்கு இரண்டு பேர் வந்து நின்றால் எங்கள் சர்வர் இருவரையும் வெளியே நிறுத்திவிடும். சந்தேகம் வந்தால் திறக்காதே என்பதுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்த பாடம். தற்காலிகப் பதிவைத் தள்ளிவிட்டுத் தேடு என்று அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரியை எழுதும் உரிமையையும் அதே மாற்றத்தில் என்னிடமிருந்து சென்னைக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

தலைமை அலுவலகத்தில் இதற்கென்று ஓர் அதிகாரி இருந்தார். மரியாதையாகப் பேசுவார். கோபித்துக்கொள்ளவும் இடம் தரமாட்டார்.

"சீசன் முடியற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாதுன்னு உத்தரவுங்க மேடம்."

"ஒரு வரிதான் சார்."

"எல்லாரும் ஒரு வரின்னுதான் சொல்றாங்க. இப்போதைக்கு அங்க வேற யாராச்சும் பேருல போகச் சொல்லுங்களேன்."

கிடங்கில் இன்னொருவர் என்றால் அக்காவின் உதவியாளர்தான். அதிகம் பேசாத, நல்ல மனிதர். அவர் பெயருக்குக் கதவு திறந்தது. அக்காதான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பாத்து வாங்குன நெல்லுக்கு இன்னொருத்தர் பேரா? நாளைக்கு வெத முளைக்கலன்னா அந்தத் தம்பியப் போயி கேப்பாங்க. அது நல்லாவா இருக்கு?" என்றார். நான் தினமும் சென்னைக்குப் போன் செய்தேன். மின்னஞ்சல் அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். யார் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் வராது.

மழைதான் முடிவு செய்தது. அறுத்த குறுவையை ஏற்றிக்கொண்டு, ரசீதுக்குக் காத்து டிராக்டர்கள் சாலை வரை நின்றன. தார்ப்பாய் பற்றவில்லை. முதல் தூறல் விழுந்ததும் ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றி மூட்டைமேல் போட்டுக்கொண்டு, "ஏம்மா, நனைஞ்சா முளைச்சிருமே, அந்த ரசீதப் போட்டுத் தொலைங்களேன்" என்று கத்தினார். அக்கா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு உதவியாளரிடம், "தம்பி, ஒங்க பேருலயே போடுங்க" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டு ஈரம் பார்த்து, எது எந்த ரகம் என்று அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த சீசன் முழுக்க அப்படித்தான் நடந்தது.

தை பிறந்ததும் சென்னை அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கிடங்கின் பொறுப்பை உதவியாளருக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்துவிட்டு வந்திருந்தார்கள். சீசன் முழுக்க ஒரு ரசீதுகூட அக்கா போடவில்லையாம். உதவியாளர் எழுந்து நின்று, "சார், எல்லாம் அக்கா பண்ணுனதுங்க. நான் தட்டுனது மட்டுந்தான்" என்றார். அதிகாரி தலையசைத்தார். "புரியுதுங்க. ஆனா சிஸ்டம்ல மேடம் இல்லையே" என்றார். வேறு பேர் போட்டுக்கொள்ளச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அப்படி எழுத்தில் ஏதாவது கொடுத்தேனா என்று நிதானமாகத் திருப்பிக் கேட்டார். "இல்லாம இல்ல சார். ரெண்டு பேரா இருக்காங்க. அதுதான் பிரச்சினையே" என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஆய்வின் பலனாக, மறுவாரம் டைரக்டரியைச் சரி செய்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் மன்னார்குடிக்கு ஓடினேன். அக்கா பெயரைத் தட்டினார். அந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பக்கம் திறந்தது. மேலே அவர் பெயர். பெயருக்குக் கீழே, தற்காலிகப் பணியாளர். இரண்டு பேராக இருக்கிறார் என்று நான் சொன்னதற்கு, நிரந்தரமானதை நீக்கியிருந்தார்கள். அக்கா அந்த இரண்டு சொற்களையும் வாய்விட்டுப் படித்தார். "எங்கப்பாகிட்ட இத எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார். நான் உடனே போனை எடுத்தேன். "போதும், வையி" என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்றே ராஜினாமா கொடுத்தார். தரங்கம்பாடிப் பக்கத்து உறவினர் ஒருவர் மஸ்கட்டில் இருந்தார். அவர் மூலம் அங்கே ஒரு தானியக் கிடங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இன்று நான் பெங்களூரில் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறேன். கைரேகையைக் காட்டினால் கதவு திறக்கிறது, முகத்தைக் காட்டினால் திறக்கிறது. கூட்டங்களில் இளைஞர்கள், இவ்வளவு பேரில் ஓரிருவருக்குத்தானே கோளாறு என்று சாதாரணமாகச் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அந்த ஒருவர் யார், எந்த ஊர், அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று கேட்டுவிடுகிறேன். எரிச்சல்காரி என்று எனக்குப் பெயர். இருக்கட்டும்.

அக்கா போன மறு வருடச் சம்பா அறுவடையின்போது, நான் விடாமல் அனுப்பிய புகார்கள் யார் மேசைக்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. நிரந்தரப் பணியாளர், கிடங்குப் பொறுப்பாளர் என்று அக்காவின் பெயரை டைரக்டரியில் முறையாகத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ராஜினாமா செய்தவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பின்னால் மூட்டைகள் இறக்கும் சத்தம் கேட்டது.

"தெறந்துடுச்சா?" என்றார் அக்கா. "சரி, மூடிடும்மா."

மூடுவதற்கும் எனக்கு உரிமையில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சரிக்கா" என்றேன்.