சித்திரையில் பார்த்த மனை

விடிந்ததும் ஏரியைத் திட்டிவிட்டுத்தான் ஹபீபுல்லா பல் தேய்ப்பார். வாசலில் கிடக்கும் செருப்பைக் கம்பால் புரட்டி, பூச்சி பொட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே காலை உள்ளே விடுவார். "துட்டு குட்த்து பாம்புக்கு வூடு கட்டிகிறேன் நானு" என்பார். மழைக்காலமானால் கைலியை மடித்துக் கட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டுவார்.

துறைமுகத்தில் அவருக்குக் கைதான் வேலை. கப்பல் கிடங்கின் வாயில் நின்றுகொண்டு, சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குச் சைகை காட்ட வேண்டும். அந்த இரைச்சலில் தொண்டை எதற்கும் உதவாது. உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்கு, விரல் சுழன்றால் ஏற்று, முஷ்டி மடங்கினால் அப்படியே நிறுத்து. அங்கே மூட்டை தூக்க வருகிற எவனும் முதலில் படிப்பது இதைத்தான். ஒழுங்காகப் படிக்காதவன் மூட்டைக்கு அடியில் போவான். வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். சோறு போதும் என்றால் மனைவி பதுருன்னிசாவுக்கு முஷ்டியைக் காட்டுவார். வாயைத் திறந்தால் ஏரிப் பேச்சுதான்.

ராயபுரத்தில் ஒரே குழாயடியில் தெருவோடு சண்டை போட்டுச் சலித்துப்போன குடும்பம். யுத்தம் முடிந்த மறுவருஷம், சித்திரை மாதத்தில், திருவொற்றியூருக்கு மேற்கே இந்த மனையைத் தரகர் ஞானதுரை காட்டினார். ஏரி எங்கோ தூரத்தில் ஒரு குட்டையாக மின்னியது. காற்று சிலுசிலுவென்று வந்தது. ஹபீபுல்லா கடலோரத்தில் பிறந்தவர். ஏறின தண்ணீர் இறங்கிவிடும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். அதை நம்பிக் கையிலிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். "சமுத்திரம் வந்தா வந்த மாரியே திரும்பிப் பூடும். இது வந்தா குந்திக்கினு எய்ந்துக்க மாட்டேங்குது" என்று இப்போது கத்துகிறார். போன கார்த்திகையில் நெஞ்சு மட்டும் ஏறிய தண்ணீர் பொங்கலுக்குத்தான் வீட்டை விட்டது.

யாருக்குத்தான் வயிறு எரியாது? மனையின் விலையைச் சொன்ன ஞானதுரை மற்றதைச் சொன்னாரா? கிணறு உப்பு, குடிக்கிற தண்ணீரை மாட்டுவண்டியில் வாங்க வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் சுவர் உரிந்து கொட்டும். பாதை முங்கினால் வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலி அம்பேல். மகள் ஜெரினாவுக்குக் காய்ச்சல் கண்டால் எந்த டாக்டரும் இந்தச் சேற்றில் கால் வைக்கமாட்டார். ஒருநாள் ஞானதுரையைக் கடைத்தெருவில் மடக்கி, "வாங்கறப்போ தண்ணி வருமானு கேட்டனே, நெசத்த சொல்ல இன்னா வாயில கொயக்கட்டையா வச்சிகினு இருந்தே?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் விலக்கிவிட்டார்கள்.

அதே ஞானதுரைதான் இந்தச் சித்திரையில் ஆள் கூட்டி வந்தார். வந்தவர் ராசையா, துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். கூடவே மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. வீடு விலைபோனால் ராயபுரத்துக்கே திரும்பிவிடலாம். வெள்ளத்தின்போது ஏரிக்கரையில் நனைந்து கிடந்த ஜெரினாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை. இன்னொரு மழைக்காலம் அவளுக்கு இங்கே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அன்று காலையிலேயே பதுருன்னிசா சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் நின்ற கறையை மறைத்திருந்தாள். "ஜெரினா அத்தா, இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காதீங்க. கொயந்தைய நெனச்சிக்கோங்க" என்று கெஞ்சினாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

ராசையா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. "மழையில தண்ணி கிண்ணி வருமா, நைனா?" என்று தரகரைக் கேட்டார்.

"ஏரி எம்மாந்தூரத்துல கீது பாரு. அதுக்கு இன்னா காலா மொளச்சிகீது?" என்று ஞானதுரை சிரித்தார்.

அன்று தனக்குச் சொன்ன அதே பதில், அதே சிரிப்பு. ஹபீபுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். உள்ளறையில் ஜெரினா இருமினாள். ராசையாவின் மனைவி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அது புதுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றது. ஹபீபுல்லாவின் இடுப்பு உயரம்கூட இல்லை.

"இன்னா பாய், நீ ஒண்ணுமே சொல்லலியே?" என்றார் ராசையா.

கதவோரத்தில் நின்ற பதுருன்னிசா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹபீபுல்லா வாயைத் திறக்கவில்லை. ஞானதுரையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். தன் நெஞ்சுக்கு நேராகச் சுவரில் கையை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கோடு இழுத்தார். பிறகு ராசையாவைப் பார்த்து, சுண்ணாம்பு ஒட்டிய அந்தக் கையை உயர்த்தி முஷ்டியை மடக்கினார்.