வால்பக்கத்தால் வந்த புகை

விமான எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிய வரதன், வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தை மாதத்து வெள்ளிக்கிழமை காலை அது. "வெயில், அண்ணை" என்றார். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை.

வரதன் வளைகுடா நாடொன்றில் விமானத் தகட்டுவேலை செய்து திரும்பியவர். ஓமந்தையில் தன் வளவில் கொட்டில் போட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பறக்க அனுமதி வரவில்லை. நிலத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதோடு சரி. நான் கிளிநொச்சியில் பஸ்களுக்குத் தகட்டுக் கூடு கட்டும் 'பொடி' வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஒழுக்கு அடைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். றோட்டால் போகிறவர்கள், "அண்ணை, இது பளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?" என்று பஸ்ஸைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் ஒழுக்கை மார்கழியிலேயே முடித்துவிட்டோம். ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ஹோஸ் பிடிப்பது. தண்ணீர் தகட்டு மடிப்போடு ஓடி, நுழைந்த இடத்துக்குத் தூரத்தில்தான் சொட்டும். ஆகவே கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு போகவேண்டும். அடித்தகட்டில் இருந்த சிறு துளைகளையும் அடைக்கப் போனேன். "ஐயோ, அதை விடுங்கோ! உள்ள வாற தண்ணி வெளியில போக வேணுமெல்லே" என்று வரதன் கையைப் பிடித்தார்.

காற்று ஒழுக்குத்தான் ஆட்டங்காட்டியது; வரதனை வாந்தி எடுக்கவைத்தது வெயில் அல்ல, உள்ளே நுழைந்த எஞ்சின் புகை என்று எனக்குப் பட்டது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில், வயர் போகும் துளைகள் எல்லாவற்றையும் சூடு தாங்கும் சீலரால் அடைத்தோம். காயவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடி குமட்டல், தலையிடி. எஞ்சின் புகையில் மணமில்லாத நஞ்சு உண்டு. நிலத்தில் வாந்தி என்றால் மேலே மயக்கம். மயங்கினால் விமானத்தைப் பிடிக்க ஆளில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி சுகந்தி, "பக்கத்துச் சீற்றில நான் ஏறுவனெண்டு கனவு காணாதேங்கோ" என்றார். பிறகு என்னிடம், "அண்ணை, உருத்திரபுரத்தில இருந்து நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸில கடைசிச் சீற்றுத்தான் கிடைக்கும். முன் கதவு திறந்து கிடக்கும், ஆனா புழுதி முழுக்கப் பின்னால இருக்கிற எனக்குத்தான். அது ஏன்?"

ஓடும் பஸ் பின்பக்கத்தால்தான் புழுதியை உள்ளே இழுக்கும். அதற்காகவே பின்கதவுக்கு இரட்டை றப்பர் அடிப்போம் என்று அவருக்குச் சொன்னேன்; சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது.

"தம்பி, நாங்கள் பிழையான பக்கத்தில நிக்கிறம்" என்றேன் வரதனிடம்.

"அப்ப உங்கட பஸ்ஸிலதான் நான் அவ்வளவு புழுதியும் குடிச்சனானோ?" என்று சுகந்தி சிரித்தார்.

பக்கத்து வயற்காரரிடம் நெல் தூற்றும் விசிறியை இரவல் வாங்கி, உள்ளே காற்றை அடித்து, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். முன்பக்கத்தில் ஒரு குமிழிகூட இல்லை. வாலருகே, சுக்கானை அசைக்கும் கம்பிகள் தகட்டைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் நுரை பொங்கியது. முன்விசிறி தள்ளிய காற்றோடு வயிற்றுத் தகட்டை ஒட்டிப் பின்னால் போன புகை, அந்த வழியால் நுழைந்து இருக்கைக்கு வந்திருக்கிறது.

அசையும் கம்பிக்குச் சீலர் பூச முடியாது. பஸ் கியர் லீவருக்குத் தைப்பதுபோல ரெக்சின் உறை தைத்துப் போட்டேன். வரதன் சுக்கானை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, உறை எங்கும் இடறவில்லை என்று உறுதிப்படுத்தினார்.

புகை எங்கே உண்டாகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம்; எந்த வழியால் உள்ளே வருகிறது என்று பார்க்கவில்லை. இந்த வேலையில் நான் படித்தது அதுதான்.

மறுநாள் வரதன் முதலில் தனியே ஓட்டிப் பார்த்தார். தலையிடி இல்லை. பிறகு சுகந்தி, யாரும் கேட்காமலே, பக்கத்துச் சீற்றில் ஏறினார். நெடுநேரம் ஓட்டி எஞ்சினை நிறுத்தியதும் வரதனும் நானும் சுகந்தியின் முகத்தையே பார்த்தோம்.

"தலை சுத்துதோ?" என்று வரதன் கேட்டார்.

"இல்லை."

"வயித்தைப் பிரட்டுதோ?"

"பசிக்குது" என்றார்.