சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்

காலையில் பூதலூரில் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அதில் ஊர்க்கதையும் எனக்கு ஓசிதான்.

பக்கத்து சீட் அம்மாவின் மடியில் துவைத்து மடித்த வேட்டி. வீட்டுக்காரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

என் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளைங்க?"

"ஒரே பய, சிங்கப்பூர்ல. நிலத்துப் பட்டாவ மாத்திக் குடுன்னு அப்பாகிட்ட சண்ட போட்டுட்டுப் போனவன். போன் பண்ணா 'பாக்குறேன்'ங்கிறான்."

அவரே தொடர்ந்தார். "போறதுக்குத்தாங்க ஆறரை மணி நேரம். வர்றதுக்கு ஒன்றரைதான். அவன் டிக்கெட்ல நானே பாத்தேன். அங்க ஒம்போதுக்கு ஏறுனா பத்தரைக்கு திருச்சி. மனசு வச்சா, அவரு மூச்சு இருக்கையிலயே வந்துரலாம்."

எனக்கு நாக்கு அரித்தது. போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் டிக்கெட்டில் அப்படித் தெரிகிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் எழுத்துப்பிழைக்கே சண்டை போடுகிறவள் நான். விளக்குவதற்குப் போனைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரிதானங்க?"

"சரிதாங்க. ஒன்றரை மணி நேரம்தான்."

வேட்டியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அப்புறம் ஏங்க இன்னும் வரல?"

தஞ்சாவூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.

அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நேர வித்தியாசம் மட்டும் வேண்டாம், அது எனக்கே தெரியும்.