காது வெட்டிய பன்றிகள்

விதைத்த ஈரம் காயுமுன் நிலக்கடலையைப் பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டன. கண்டபடி அல்ல, சால் பிடித்து, ஒரு பருப்பு விடாமல். டெக்சாஸில் பன்றியைவிட ஒழுங்காக வேலை பார்க்கிறவர் யார்? லொரீன் வயிறெரியப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் போகமும் போனால், அவள் குடியிருந்த வீட்டோடு சேர்த்துக் குத்தகை நிலத்தை வேட்டைக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிடுவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்தது அந்த நிலம்தான்.

தம்பி டாயல்தான் நாய்களை விட்டுப் பன்றி பிடிப்பான். நாய்கள் காதைக் கவ்வி நிறுத்தியதும் பின்னங்காலை வாரி, கட்டி, உயிரோடு வண்டியில் ஏற்றுவான். "கறிக்கடைக்குப் போயாச்சு" என்பான். ஆனாலும் பன்றி குறையவில்லை. வருஷத்துக்கு இரண்டு ஈற்று போடுகிற சனியன்கள் என்று லொரீன் பன்றிகளைத்தான் திட்டினாள்.

அன்று காலை ஓடைக்கரையில் அவள் வைத்த கூண்டில் ஓர் ஆணும் ஒரு சினைப்பன்றியும் சிக்கியிருந்தன. ஆண், காயடித்தது. இரண்டுக்கும் இடது காது நுனி வெட்டுப்பட்டு ஆறியிருந்தது. அது, தான் பிடித்த பன்றிக்கு டாயல் போடுகிற அடையாளம். அவனை வரச்சொன்னாள்.

"இதுங்க கறிக்கடையிலேர்ந்து நடந்தே வந்துடுச்சா?"

டாயல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "ஆணைக் காயடிச்சு விட்டா கொழுக்கும், வீச்சமும் போயிடும். இங்க எல்லாரும் செய்யறதுதானே."

"பொட்டைக்கு என்னடா சொல்ற?"

"அதையும் கொன்னுட்டா அடுத்த வருஷம் நாய்ங்க எதைத் துரத்தும்? மில்லையும் மூடிட்டானுங்க. இதை விட்டா எனக்கு என்ன இருக்கு, லொரீன்?"

"எனக்கு இந்தக் கடலை இருந்துச்சுடா, பாவி."

துப்பாக்கியை எடுத்து இரண்டையும் சுட்டாள். ஆத்திரம் தணியவில்லை. ஓடைக்கு அப்பால் கருவேலங்காட்டில் காது வெட்டுப்பட்டவை இன்னும் எத்தனை திரிகின்றன என்று வெட்டினவனுக்கே தெரியாது. மறுபடி விதை வாங்கி விதைப்பதற்குள் பருவமும் தாண்டிவிடும்.

டாயல் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டுமா, வேணாமா?"

அடித்து விரட்டலாம் போலிருந்தது. ஆனால் அவள் வீட்டுக் கதவைத் தட்ட அவனை விட்டால் வேறு நாதியில்லை.

"வந்து தொலை," என்றாள். "சாமான் ஏத்த ஆள் வேணும்."