அக்காவின் முறை நாள்

எங்கள் கிணறு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இருக்கிறது. வேலந்தாவளம் சந்தையைத் தாண்டி உள்ளே வந்தால் என் தென்னந்தோப்பு, அது கேரளம். வரப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் தோட்டம், அது தமிழ்நாடு. கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். கிணற்றில் இருவருக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் அக்காவின் முறை, மறுநாள் என் முறை. தோப்பே காய்ந்தாலும் அடுத்தவர் முறையில் மோட்டாரைத் தொடக்கூடாது. தொட்டால் ஊர் காறித் துப்பும்.

கணவர் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை அந்தக் கிணற்றடிதான். அக்காவின் முறையில் நான் போய் உட்காருவேன், என் முறையில் அக்கா வருவார். தேங்காய் வியாபாரியைத் திட்டுவோம், பெற்ற பிள்ளைகளைத் திட்டுவோம். அதற்குள் பாத்தி நிறைந்து வழிந்துவிடும்.

கோயமுத்தூர் பெருத்துக்கொண்டே வந்து ஒருநாள் எங்கள் வரப்பு வரைக்கும் எட்டிவிட்டது. புரோக்கர்கள் காரில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் அக்காவின் மண்ணைத்தான் பார்த்தார்கள். என் பக்கம் ஒருவன் திரும்பவில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே இரண்டு கரையும் ஒரே பச்சைதான், விலைதான் வேறு. என் இடம் வில்லேஜ் ஆபீஸில் இன்றைக்கும் நெல்வயல் என்றே இருக்கிறது. நெல்லை நான் கண்ணால் கண்டதில்லை, நான் வாழ வந்தபோதே தென்னைதான். ஆனாலும் கேரளத்துச் சட்டத்தில் வயல் வயல்தான், வீடு கட்ட விடமாட்டார்கள். அக்காவின் இடத்தைச் சென்ட் கணக்கில் கேட்டார்கள். என்னுடையதை ஏக்கர் கணக்கில்கூடக் கேட்க ஆளில்லை.

கொச்சியில் இருக்கும் என் மகள் போனில் சிரித்தாள். "இங்க கார் நிறுத்தற எடத்தை வித்தா உன்ற தோப்பையே வாங்கிப்போடலாம்மா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் வயிறெரிந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பயம்தான் அதிகம். விலை ஏறினால் அக்கா போய்விடுவாரே.

பயந்தபடியே ஆயிற்று. அக்காவின் மகன்கள் விற்பதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், கோயமுத்தூரில் அவருக்கு ஒரு ஃபிளாட்டும் பார்த்துவிட்டார்கள். கடைசி முறையன்று அக்கா மோட்டாரையே போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீயும் வித்துப்போட்டு அங்கயே வந்துரு அம்மிணி."

"எம்பட வயலை யாருங்க்கா வாங்குவாங்க?"

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

இப்போது அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள். மனை வாங்கியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், இன்னும் ஒரு வீடும் எழும்பவில்லை. விற்றவர் போனார், வாங்கியவர் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் அவர்களுக்கு வேண்டாமாம். "உனக்கென்ன, தெனமும் உன் மொறைதான்" என்று சந்தையில் கேலி செய்கிறார்கள். ஆனாலும் அக்காவின் நாளில் நான் மோட்டார் போடுவதில்லை. கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். மழை பொய்த்த இந்தக் கோடையில் என் முறைத் தண்ணீர் மட்டும் போதாமல் தென்னை மட்டைகள் தொங்கத் தொடங்கிவிட்டன. மகள் திட்டுகிறாள், திட்டட்டும்.

போன வாரம் அக்கா ஃபிளாட்டிலிருந்து கூப்பிட்டார். அங்கே தண்ணீர் லாரியில் வருகிறதாம். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னிக்கு எம்பட மொறைதானே, அம்மிணி?"

முறை நாளைக்கூட அவர் மறக்கவில்லை. "ஆமாங்க்கா."

"மோட்டாரு போட்டியா?"

"உங்க மொறையில நான் போடுவனாங்க்கா?"

அக்கா மெதுவாகச் சொன்னார்: "மரத்தைக் காயப் போடாதே. நீயே போட்டுக்க சாமி. நான் இனி வரமாட்டேன்."

போனை வைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டேன். தனியாக உட்கார்ந்திருந்தேன், பாத்தி நிறைய வெகுநேரம் ஆயிற்று.