சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குப்பிகள்

மருதேவி அம்மாவின் ஆராய்ச்சியைக் கெடுத்த கை என்னுடையது. கெடுக்கச் சொன்ன வாய் வேறொருவருடையது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

1984இல் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நான் அட்டெண்டர். மருதேவி அம்மா அங்கே விரிவுரையாளர். விவசாயம் செய்யும் சமணக் குடும்பம். அவருடைய அப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தால், உயிரைக் கொன்ற பாவத்துக்கு அன்று முழுக்கப் பட்டினி கிடப்பார்.

“பட்டினி கிடந்தா கிணத்துல கலந்த விஷம் போயிடுமா, ராமதாஸ்?” என்று அம்மா என்னிடம் கேட்பார்.

அந்த மருந்தில் இருப்பது பாஸ்பரஸ். மருந்து கலந்த தண்ணீரில் டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால், விஷம் உடைந்து வெறும் பாஸ்பேட் ஆகிவிடும். பிறகு பாஸ்பேட்டைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கரைசலை விட்டால் தண்ணீர் நீலமாகும். கறுப்புத்தாள் சுற்றி வெயில் படாமல் வைத்த குப்பி மட்டும் நீலமாகக் கூடாது. மூன்று வருடம் மொட்டைமாடியில் காய்ந்து அவர் கண்டது இது.

சோப்புத்தூளிலும் பாஸ்பேட் உண்டு. அதனால் அந்தக் குப்பிகளை ஆசிட் விட்டுத்தான் கழுவுவேன்.

பல்கலைக்கழகக் குழு பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஆராய்ச்சி தொடரும். குழு வருவதற்கு முந்தின நாள், அம்மா இல்லாத நேரத்தில், முதல்வர் சக்கரபாணி உள்ளே வந்தார்.

“என்னப்பா, பாட்டிலெல்லாம் மங்கிக் கிடக்குது? சோப்புத்தூள் போட்டுத் தேய்.”

“அம்மா போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்.”

“இங்க பிரின்சிபால் நானா, அவங்களா?”

தேய்த்தேன். மறுநாள் காலையில் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றால், குழுவை வரவேற்க முதல்வர் என்னை மாலையும் கையுமாக வாசலில் நிறுத்திவிட்டார். வரவேற்பு முடிந்து நான் ஆய்வகத்துக்கு ஓடுவதற்குள் அம்மா கரைசலை விட்டிருந்தார். வெயிலில் வைத்ததும் நீலம். இருட்டில் வைத்ததும் நீலம்.

“உங்களுக்கு வெயிலே வேணாம் போலிருக்கே, மேடம்!” என்றார் குழுத் தலைவர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“சோப்பு போட்டுட்டேம்மா!” என்று கத்தினேன்.

அம்மா சட்டென்று இன்னொரு குப்பியில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கரைசலை விட்டார். அதுவும் நீலமானது.

“பாருங்க சார், இது கழுவுனதுல வந்த கோளாறு. மத்தியானம் வரைக்கும் இருங்க, திரும்பச் செஞ்சு காட்டறேன்.”

கேட்க யார் நின்றார்கள்? நடை சாத்துவதற்குள் தரிசனம் பார்க்க வேண்டுமென்று முதல்வர் அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆராய்ச்சிக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஒரு பாராட்டு: ‘ஆய்வகத்தின் கண்ணாடிப் பொருட்கள் மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்படுகின்றன.’

அந்த வரியை மட்டும் தட்டச்சு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி முதல்வர் என்னிடம் நீட்டினார்.

“முடியாது சார்” என்றேன். ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.