மகனென்று எழுதப்படாத மகள்

திசா ஆற்றங்கரைச் சீமையில் போஷா இருபது வருடம் அரசனின் அதிகாரியாக இருந்தார். ஆண் வாரிசு இல்லாமல் எந்தப் பிரபு செத்தாலும் நிலம் அரசனுக்குத்தான். கல்லறை மண் காயுமுன் போய் அந்த வீட்டைக் கைப்பற்றுவது போஷாவின் வேலை. அரசன் மனது வைத்தால் மட்டும் மகளை மகன் என்று சாசனத்தில் எழுதித் தரலாம். அப்போது சொத்து அவளுக்குப் போகும்.

அந்த வருடம் போஷாவின் ஒரே மகன் போரில் செத்துப்போனான். அவருக்கும் நெஞ்சில் நோய். குளிர்காலத்தைத் தாண்டமாட்டோம் என்று தெரிந்துவிட்டது. மகள் அங்லித்துக்காகத் தலைநகர் புடாவுக்குப் போய் அரசன் முன் மண்டியிட்டார்.

"என் பொண்ணை மகன்னு எழுதிக் குடுங்க, மகாராஜா. நான் போயிட்டா அவளுக்கு ஒண்ட இடம் இல்ல."

அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்யா போஷா, அந்தப் பிரபு டெர்ஷ் செத்தப்ப அவன் பொண்டாட்டி ரெண்டு பொண்ணுங்களோட வந்து இதையேதானே கேட்டு அழுதா? அப்ப நீ என்ன சொன்ன? 'இவளுக்கு இரங்கினா நாளைக்கு நாட்டுல பாதிப் பொம்பளைங்க ஆம்பளை ஆயிடுவாங்க'ன்னு சொல்லலை?"

அன்று வயிறு வலிக்கச் சிரித்த சபை, இன்றும் சிரித்தது.

மூன்றாம் நாள் வீடு வந்தவரின் குதிரையை அங்லித் பிடித்துக்கொண்டாள்.

"ராஜா என்னப்பா சொன்னாரு?"

"நான் சொன்னதைத்தான் சொன்னாரு."

நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அந்தப் பொண்ணுங்க பேரு என்னப்பா?" என்று கேட்டாள்.

போஷாவுக்குத் தெரியவில்லை.